லாஸ் பல்மாசில் இருந்தவர்

டேனிஷ் மொழியில் 'தயவுசெய்து' என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. வந்த புதிதில் அது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. கடையிலோ வேலைத்தலத்திலோ ஏதாவது கேட்கும்போது, ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போய் நிற்பதுபோல இருக்கும். பிறகு பழகிவிட்டது. குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், வேண்டிய மரியாதை அதிலேயே வந்துவிடும். மொழிபெயர்ப்பு வேலையில் இப்படியான சின்னச் சங்கடங்கள் நிறைய உண்டு.

இந்த வாக்குமூலத்தை என்னைத் தமிழிலேயே எழுதச் சொன்னீர்கள். 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று பிற்பாடு நான் மறுக்க இடமிருக்கக்கூடாது என்பதற்காக என்றீர்கள். நியாயமான ஏற்பாடுதான். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

என் பெயர் மகேந்திரராசா. வயது நாற்பத்தாறு. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் சரித்திரம் படிப்பித்தேன். 1971இல் இங்குள்ள விடுதிக் கல்லூரி ஒன்றில் ஒரு வருடப் படிப்புக்காக வந்தவன், திரும்பிப் போகவில்லை. இக்காஸ்ட்டில் ஒரு பின்னல் ஆலையில், சாயம் போடும் பகுதியில் வேலை கிடைத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக அந்த ஊரில் நான் ஒருவன்தான் தமிழன். என் பெயரை முழுதாகச் சொல்ல வராததால் 'மஹி' என்று கூப்பிட்டார்கள். பேக்கரிக்காரப் பெண் வெள்ளிக்கிழமைகளில் எனக்கென்று ஒரு கறுப்புப் பாண் எடுத்து வைப்பாள். பனிக்காலத்தில் என் வாசல் பனியைப் பக்கத்து வீட்டுக்காரர் சேர்த்தே தள்ளிவிடுவார். நான் குறையேதும் இல்லாமல் வாழ்ந்தேன்.

எண்பத்து மூன்றின் கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் வரத் தொடங்கியது. முதலில் இரண்டு பேர், பிறகு பத்துப் பேர், பிறகு ரயிலில் வந்து இறங்கும் குடும்பங்கள். டேனிஷும் தமிழும் தெரிந்தவர் யார் என்று தேடிக்கொண்டு பொலிசார் ஆலைக்கே வந்தார்கள். 1985 தை மாதம் தொடக்கம் அகதி விசாரணைகளில் நான் மொழிபெயர்ப்பாளன். ஓல்போர்க், ஹோர்சன்ஸ், ஹேர்னிங் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனேன். எங்கள் ஆட்கள் என்னைக் கண்டால் எழுந்து நின்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாடகை வீட்டுக்கும் 'அண்ணை, நீங்கள் ஒருக்கா வந்து கதைச்சா காணும்' என்றார்கள். போய்க் கதைத்தேன். அதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பேக்கரிக்காரப் பெண் பாணைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, 'இன்னும் எத்தனை பேர் வரப்போகிறீர்கள்?' என்று கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் 'வரப்போகிறார்கள்' என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பன்மையானேன்.

லோரன்ஸை 1985 வைகாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவருடைய அக்கா மேரிகிறேஸ் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் மன்னாரில் பேசாலை என்ற மீன்பிடிக் கிராமத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். மேரிகிறேஸ் முந்தைய வருடமே கணவனுடன் வந்து, அனுமதி கிடைத்து, இக்காஸ்ட்டில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். லோரன்ஸுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கப்பலில் வேலை செய்தவர். சித்திரையில் ஓல்போர்க் துறைமுகத்தில் இறங்கி அகதி அந்தஸ்து கேட்டிருந்தார். பேசாலையில் அவருடைய அண்ணனை இராணுவம் பிடித்துக்கொண்டு போயிருந்தது. பிடிக்க வந்தவர்கள் இவருடைய பெயரையும் சொல்லி விசாரித்திருந்தார்கள்.

மேரிகிறேஸ் மீன் கட்லட் கொண்டுவந்திருந்தாள். லோரன்ஸ் சாப்பிடாமல் என் புத்தக அலுமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நீங்கள் சரித்திரம் படிப்பிச்சனியள் எண்டு அக்கா சொன்னவ. கனாரித் தீவுகளைப் பற்றி ஏதும் தெரியுமோ?"

"கனாரிக் குருவி வந்த இடம்" என்றேன்.

மரியாதைக்காகச் சிரித்தார். பிறகு உட்கார்ந்து சொன்னார். அவருடைய கப்பலின் முதலாளி 1983 மாசியில் கப்பலை, ஸ்பெயினுக்குச் சொந்தமான அந்தத் தீவுகளிலுள்ள லாஸ் பல்மாஸ் துறைமுகத்தில் அப்படியே விட்டுவிட்டுக் காணாமல் போய்விட்டான். பதினான்கு கப்பலாட்கள் இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் கப்பலிலேயே கிடந்தார்கள். இரவில் கப்பலில்தான் படுக்கவேண்டும், பகலில் மட்டும் ஒரு துண்டுக் கடுதாசியைக் காட்டிக் கரைக்குப் போகலாம். போகிற இடம் இல்லாததால் அவர் ஊரிலுள்ள நூதனசாலைக்குப் போனார். அங்கே கண்ணாடிப் பெட்டிகளில் வரிசை வரிசையாக மண்டையோடுகள் இருந்தன. ஆட்டுத்தோலில் சுற்றிய உடல்களும் இருந்தன. 'இவை ஆர்?' என்று காவல்காரரைக் கேட்டிருக்கிறார். 'இஞ்ச முந்தி இருந்தவை' என்று பதில் வந்ததாம். அந்த ஒரு பதிலுக்காகவே அவர் ஸ்பானிய மொழி படித்தார்.

"ஏழு தீவு, அண்ணை. ஒண்டில நிண்டு பார்த்தா மற்றது தெரியும். ஆனா அந்தச் சனத்திட்ட வள்ளம் இல்லையாம். சுத்திவரக் கடல், ஒருத்தருக்கும் கடலோடத் தெரியாது. நான் பேசாலையான். எனக்கு இதை நம்பவே கஷ்டமாக் கிடந்தது."

"வள்ளம் இல்லாட்டி என்ன? மண்ணும் ஆடும் இருந்தால் சீவிக்கலாம்தானே."

"சீவிக்கலாம். ஆனா பக்கத்துத் தீவில புகை எழும்பினா, என்ன நடந்தது எண்டு போய்க் கேக்க ஏலாது. முதல் தீவு 1402இல போச்சுது. கடைசித் தீவு 1496இல. தொண்ணூற்றி நாலு வருசம். தன்ர முறை வருமட்டும் ஒவ்வொரு தீவும் தனியத்தான் இருந்தது."

நான் சரித்திரம் படிப்பித்தவன். கொலம்பஸ் அந்தத் தீவுகளில் தரித்துப் போனதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் தண்ணீர் எடுத்த கரையில் அந்த நேரத்தில் யார் யாரைப் பிடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வந்தார். ஆங்கிலத்தில் உள்ள பழைய நூல்களை நூல்நிலையத்தின் மூலம் நான் எடுப்பித்துக் கொடுத்தேன். என் சமையலறை மேசையில் இருந்து கொப்பிகளில் தமிழில் எழுதினார். மாணவர்கள் பாவிக்கும் சாதாரணக் கொப்பிகள். எட்டுக் கொப்பி லாஸ் பல்மாசிலேயே நிரம்பியிருந்தது, ஒன்பதாவது பாதியில் இருந்தது. எழுதும்போது இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொள்வார். பேசாலைப் பள்ளிக்கூடத்துப் பழக்கமாம். நான் தேத்தண்ணி ஊற்றிவிட்டு எதிரில் இருப்பேன். நோர்மன் பிரபுக்கள் முதல் தீவில் இறங்கியபோது, முன்பு பிடித்துக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்து வைத்திருந்த தீவுக்காரர் இருவரை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிவந்த கதையை அங்கேதான் சொன்னார். செவில் சந்தையில் விற்கப்பட்ட பெண்களையும் பிள்ளைகளையும் பற்றி அங்கேதான் சொன்னார்.

"அந்தப் பாஷையில எங்களுக்கு மிஞ்சினது பெரும்பாலும் ஆட்டைப் பற்றின சொல்லுகளும் மலையளின்ர பேரும்தான், அண்ணை" என்றார் ஒருநாள். "இப்ப வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? அந்தச் சனம் ஆட்டைத் தவிர வேற ஒண்டையும் பற்றிக் கதைக்கேல்லை எண்டு நினைப்பான். ஒரு தாய் பிள்ளையை என்ன சொல்லிக் கூப்பிட்டவள் எண்டு ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

அந்தச் சனிக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன. அதை நீங்கள் நம்பவேண்டும். பதினான்கு வருடத்தில் என் மேசையில் ஒருவர் தமிழில் புத்தகத்தைப் பற்றிக் கதைத்தது அப்போதுதான்.

அவருடைய விசாரணை ஆனி மாதம் ஓல்போர்க்கில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. நான்தான் மொழிபெயர்த்தேன். எல்லாம் ஒழுங்காகப் போனது. அண்ணனைப் பிடித்தது, பெயரை விசாரித்தது, எல்லாவற்றையும் சொன்னார், எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் லாஸ் பல்மாசைப் பற்றிக் கேட்டார்கள்.

"நான் ரெண்டு வருசம் லாஸ் பல்மாசில இருந்தனான்" என்றார்.

எங்கள் மொழியில் 'இருந்தேன்' என்பது ஒரு பெரிய வீடு போன்றது. அறையிலும் இருக்கலாம், திண்டாட்டத்திலும் இருக்கலாம், சிறையிலும் இருக்கலாம். டேனிஷில் அப்படி முடியாது. 'வார்' என்றால் அங்கே நின்றேன், அவ்வளவுதான். 'போஎதெ' என்றால் குடியிருந்தேன், வீடு வாசலோடு வசித்தேன். வாக்குமூலத்தை எழுதுபவர் பேனையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தார். நான் 'போஎதெ' என்றேன்.

அது பிழையான சொல் இல்லை. எந்த அகராதியிலும் பார்க்கலாம். ஆனால் ஆபத்தில்லாத ஒரு நாட்டில் இரண்டு வருடம் வசித்தவர் அங்கேயே திரும்பிப் போகலாம் என்று அவர்கள் தீர்மானிக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். அப்படியான இரண்டு தீர்ப்புகளை நானே தமிழில் வாசித்துக் காட்டியிருந்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பீர்கள். லோரன்ஸ் வந்து ஆறு கிழமைக்குள் டேனிஷ் பத்திரிகையின் தலைப்புகளை எழுத்துக்கூட்டி வாசித்தார். நான்காவது சனிக்கிழமை, நான் நூல்நிலையத்துக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சொல்லின் எழுத்துப் பிழையைக் காட்டினார். பெருமைக்காகக் காட்டவில்லை, ஸ்பானிய மொழியிலும் அப்படி ஒரு சொல் உண்டு என்று சொல்லத்தான் காட்டினார். ஒரு வருடத்தில் அவர் என் நாற்காலியில் இருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பொறாமை என்று சொல்லமுடியாது, அது ஒரு கணிப்பு. அதோடு, ஸ்பெயின் ஒன்றும் சிறைச்சாலை இல்லை. அவர் நேசித்த இடம். அங்கே அவருடைய புத்தகத்துக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. அவருக்கு நான் நல்லதையே செய்வதாகக்கூட ஒரு கணம் எனக்குப் பட்டது.

1986 தையில் தீர்ப்பு வந்தது. ஸ்பெயினுக்குத் திருப்பி அனுப்புவது என்று. கடிதத்தை நானே அவருக்கு வாசித்துக் காட்டினேன். நம்பாமல் என்னைப் பார்த்தார்.

"நான் அங்க வசிக்கேல்லையே, அண்ணை. கப்பலில எல்லோ கிடந்தனான். என்னட்ட ஒரு பேப்பரும் இல்லை. அங்க போனா அவை என்னைக் கொழும்புக்கு ஏத்திவிடுவினம். அதை நான் சொன்னனான்தானே?"

"சொன்னனீங்கள். நான் எல்லாத்தையும் சொன்னனான், தம்பி" என்றேன்.

மேரிகிறேஸ் சும்மா இருக்கவில்லை. ஓஹூஸில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். அவர் மனுப் போட்டார். மனுவில் ஒரு வசனம் இருந்தது: விசாரணை மீண்டும் நடத்தப்படவேண்டும், வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு. என்னைக் குற்றம் சொல்லி எழுதவில்லை. வழக்கமாக அப்படித்தான் கேட்பார்கள் என்று மேரிகிறேஸே என்னிடம் வந்து சமாதானம் சொன்னாள்.

இங்கே நான் இன்னொன்றையும் எழுதவேண்டும். லோரன்ஸ் முதலாவது ஆள் இல்லை. அவருக்கு முன் நான்கு பேர். நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு நான் ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். நான்கு பேருடைய விசாரணைகளில் மட்டும், இரண்டு சொல் பொருந்தக்கூடிய இடத்தில் சிறியதைத் தெரிந்தெடுத்தேன். எல்லோரையும் உள்ளே விட்டால் கதவையே பூட்டிவிடுவார்கள் என்று அப்போது எல்லோரும் கதைத்தார்கள். யாராவது ஒருவர் அளவு பார்க்கவேண்டியிருந்தது. அவர்களில் ஒரு பெண், 'என்னைக் கெடுத்துப்போட்டாங்கள்' என்று சொன்னாள். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். கெடுத்தல் என்பதற்குப் பழுதாக்குதல் என்றும் பொருள் உண்டு. 'என் வாழ்க்கையைப் பழுதாக்கிவிட்டார்கள்' என்று சொன்னேன். எழுதுபவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். பங்குனியில் அவளை அனுப்பிவிட்டார்கள். எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

வேறொருவர் வந்து லோரன்ஸின் விசாரணையைத் திரும்ப நடத்தினால், என்னுடைய மற்ற விசாரணைகளையும் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு தமிழரின் ஒரு வாக்குமூலத்தையும் இந்த நாட்டில் நம்பமாட்டார்கள். அதில் கெடுவது நான் மட்டும் அல்ல, நூறு குடும்பங்கள். நான் அப்படித்தான் யோசித்தேன்.

மாசிக் கடைசியில் அவரை அனுப்பும் நாளைக் குறித்துக் கடிதம் வந்தது. மேரிகிறேஸ் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஹோர்சன்ஸில் ஒரு கத்தோலிக்கப் பாதரின் வீட்டுக்குப் போனாள். வயதான பாதர் ஒன்றும் கேட்காமல் மேல்மாடி அறையைக் கொடுத்தார். மனுவுக்குப் பத்து நாளில் பதில் வரும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். பத்து நாள் உள்ளே இருந்தால் போதும்.

போவதற்கு முன் லோரன்ஸ் ஒன்பது கொப்பிகளையும் என்னிடம் தந்துவிட்டுப் போனார். அவற்றை நான் வாசித்தேன். ஒன்பதாவது கொப்பியில்தான் லா பல்மா என்ற வேறொரு தீவின் கதை இருந்தது. 1493. தீவு முழுவதும் பிடிபட்ட பிறகும் தனவுசு என்ற தலைவன் தன் ஆட்களோடு மலையின் நடுவிலுள்ள பெரிய பள்ளத்தை விட்டு இறங்கவில்லை. படையால் ஏற முடியவில்லை. ஸ்பானியத் தளபதி ஒரு தீவுக்காரனை மேலே அனுப்பினான். ஞானஸ்நானம் பெற்றவன், தனவுசுவுக்கு உறவினன். 'இறங்கி வா, சமாதானம் பேசத்தான் கூப்பிடுகிறார்கள்' என்று அவன் சொன்னான். தனவுசு இறங்கி வந்தான். பிடித்துக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பலில் அவன் சாப்பிட மறுத்து, ஸ்பெயினைக் காணாமலே செத்துப்போனான்.

லோரன்ஸ் தளபதியைப் பற்றி இரண்டு வரிதான் எழுதியிருந்தார். அந்த உறவினனைப் பற்றி நான்கு பக்கம். மலையேறிப் போகும் வழியில் அவன் என்ன யோசித்திருப்பான், தன் மொழியில் அந்தப் பொய்யை எந்தச் சொல்லால் தொடங்கியிருப்பான், அந்தச் சொல்லும் இப்போது அழிந்துபோய்விட்டதே என்று எழுதியிருந்தார். திட்டி எழுதவில்லை. அவனுக்காகத் துக்கப்பட்டு எழுதியிருந்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. என்னைத்தான் எழுதியிருக்கிறார், எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுதான் என் மேசையில் இருந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் ஹோர்சன்ஸுக்குப் போன நான்காம் நாள் காலை பொலிசார் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் இருக்கும் வீடு தெரிந்துவிட்டது, அவரோடு கதைக்கப் போகிறோம், நீங்களும் வரவேண்டும் என்றார்கள். பனி உருகி வழியெல்லாம் சேறாக இருந்த நாள். பாதரின் வீட்டுக்கு என்னோடு இரண்டு பொலிசார் வந்தார்கள். ஒருவர் வாகனத்துக்குள்ளேயே இருந்தார். மற்றவர், ஐம்பது வயதிருக்கும், வாசல் படலையடியில் நின்று என்னிடம் விஷயத்தைச் சொன்னார். பாதர் அன்றைக்கு வெளியூரில் பூசைக்குப் போயிருந்தார். மேரிகிறேஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தம்பிக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். அவள் குசினி ஜன்னலில் நிற்பது எனக்குத் தெரிந்தது. அந்தத் தூரத்துக்கு டேனிஷ் கேட்டிருக்காது, கேட்டாலும் அப்போது அவளுக்கு விளங்காது.

நான் தனியாகப் போய்க் கதவைத் தட்டினேன். லோரன்ஸ் படியிறங்கி வந்து கதவைத் திறந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"தம்பி, சும்மா கதைக்கத்தான் வந்திருக்கினம். மனு விஷயமா ரெண்டு கேள்வி கேக்கவேணுமாம். ஸ்டேசனில அரை மணித்தியாலம் கதைச்சிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவினமாம்" என்றேன்.

நான் 'விடுவினம்' என்று சொல்லவில்லை. 'விடுவினமாம்' என்றுதான் சொன்னேன். இதை நீங்கள் கவனிக்கவேண்டும். தமிழில் இந்த 'ஆம்' ஒரு நல்ல ஏற்பாடு. சொல்லும் சுமையைச் சொல்பவனின் தோளிலிருந்து இறக்கி இன்னொருவர் தோளில் வைத்துவிடும். டேனிஷில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உண்மையோ, அண்ணை?"

"ஓம்."

"நீங்களும் வாறீங்களோ?"

"நானும் வாறன்."

"அப்ப சரி" என்றார். சப்பாத்துக்குக் கயிறு கட்டினார். சோறு ஆறமுன் வந்துவிடுவேன் என்று குசினிப் பக்கம் பார்த்து அக்காவிடம் சொன்னார். மேரிகிறேஸ் ஈரக்கையோடு வெளியே வந்து, வெளியில் குளிர் என்று தன் கம்பளி மப்ளரை அவருடைய கழுத்தில் போட்டுவிட்டாள். என்னைப் பார்த்து, "அண்ணை நிக்கிறார், எனக்குப் பயமில்லை" என்றாள்.

வாகனம் ஸ்டேசன் பக்கம் திரும்பாமல் பெரிய வீதிக்கு ஏறியபோது லோரன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அதிகாரி என்னிடம் திரும்பி, நாளை காலை மட்ரிட் விமானம், இன்றிரவு கொப்பன்ஹேகனில் தங்கவேண்டும், அவருக்கு ஏதாவது மருந்து தேவையா என்று கேட்டார். அதை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

வயல்களில் பனி திட்டுத் திட்டாகக் கிடந்தது. லோரன்ஸ் அழுவார், கத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் என் கையைத் தொட்டார்.

"உங்களையும் ஏமாத்திப்போட்டாங்கள், என்ன அண்ணை" என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

"நீங்கள் ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ. கொப்பியள் உங்களிட்டத்தானே இருக்கு? ஒன்பதாவது இன்னும் முடியேல்லை. கடைசித் தீவு கிடக்குது. குறிப்பெல்லாம் பின் பக்கத்தில எழுதி வைச்சிருக்கிறன். ஒருவேளை எனக்கு ஏலாமல் போனா நீங்கள் முடிச்சு விடுவீங்களோ? உங்களுக்குத்தான் விளங்கும்."

"ஓம், முடிச்சு விடுறன்" என்றேன்.

மட்ரிட்டில் அவரை ஐந்து நாள் வைத்திருந்தார்கள். அவரிடம் ஒரு பேப்பரும் இல்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். ஆறாம் நாள் கொழும்புக்கு ஏற்றினார்கள். கட்டுநாயக்காவில் அவர் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். வெளியே வந்ததைக் கண்டவர் ஒருவரும் இல்லை. பேசாலையிலிருந்து அவருடைய தாய் மூன்று முகாம்களுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அப்படி ஒருவர் இல்லை என்றார்களாம். மேரிகிறேஸ் இன்னும் பூசையில் அவருடைய பெயரை உயிரோடிருப்பவர்களின் பட்டியலில்தான் கொடுக்கிறாள்.

ஒன்பதாவது கொப்பியைப் பங்குனி மாதக் கடைசி ஞாயிறு மதியம் எரித்தேன். வீட்டுப் பின்புறம் தோட்டத்துக் குப்பையோடு சேர்த்து எரித்தேன். போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். அந்த நான்கு பக்கங்களின் மேலே திகதி இருந்தது: 1984 ஆவணி, லாஸ் பல்மாஸ். முதல் வாசிப்பில் அது என் கண்ணில் படவில்லை. என்னை அவர் அறிவதற்கு ஒன்பது மாதம் முன்பு எழுதியது. அது சரித்திரம் மட்டும்தான். என்னைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அவர் என்னைச் சந்தேகித்ததே இல்லை. திகதியைப் பார்த்த பிறகும் நான் அதை நெருப்பில் போட்டேன்.

அதன்பிறகு அந்த நான்கு பக்கத்தையும் நினைவிலிருந்து திரும்ப எழுதிப் பார்த்தேன், பல தடவை. என் தமிழில் அது நன்றாக வரவில்லை.

மேரிகிறேஸ் கோடை முழுவதும் டேனிஷ் வகுப்புக்குப் போனாள். தையல் ஆலையில் வேலை முடிந்து, பஸ் பிடித்து, கிழமைக்கு நான்கு நாள். புரட்டாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். கையில் தம்பியின் கோப்பின் பிரதி இருந்தது. ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"அண்ணை, தம்பி 'இருந்தனான்' எண்டுதான் சொன்னவன். இஞ்ச 'போஎதெ' எண்டு கிடக்குது. ஏன்?"

"ரெண்டும் ஒண்டுதான், பிள்ளை."

"இல்லை. நான் ரீச்சரிட்டக் கேட்டனான். ஒண்டில்லை."

தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். அவள் தொடவில்லை. கொப்பிகளைக் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். எட்டு இருந்தது. எட்டுத்தானோ என்று கேட்டாள். எட்டுத்தான் என்றேன். ஒவ்வொன்றாக முகத்துக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்தாள். பிறகு பையில் வைத்தாள். எழுந்து போவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"அண்டைக்குப் படலையடியில நிண்டு அந்தப் பொலிஸ்காரன் உங்களிட்ட என்ன சொன்னவன்?"

"அவன் சொன்னதைத்தான் நான் தம்பிக்குச் சொன்னனான்."

"நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது. அவன் சொன்னது என்ன எண்டுதான் கேக்கிறன்."

நான் அவளுடைய ஆறிய தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் ஊற்றினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அடுத்த கிழமை உங்களிடம் முறைப்பாடு கொடுத்தாள் என்று அறிந்தேன். அவள் கொடுத்தது சரிதான்.

அந்த அதிகாரியின் அறிக்கையை நீங்கள் எனக்குக் காட்டினீர்கள். 'வெளிநாட்டவர் தாமாகவே வெளியே வந்தார்' என்று அதில் இருக்கிறது. அவர் பொய் எழுதவில்லை. அவர் கண்டது அதைத்தான். அவரைப் பற்றி எங்கள் ஆட்களிடையே இப்போது கெட்ட கதை உலவுகிறது, ஏமாற்றிப் பிடித்துக்கொண்டு போனவர் என்று. அது அவருக்குச் செய்யும் அநியாயம். இந்த வாக்குமூலத்தை நான் எழுதச் சம்மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நான் எப்போதும் நியாயத்தின் பக்கம் நின்றவன்.

மேரிகிறேஸின் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். படலையடியில் அவர் என்னிடம் சொன்னது இது: "அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வெளியே வந்தால் இன்று கொப்பன்ஹேகன், நாளை விமானம். வர விருப்பமில்லை என்றால் ஒரு பாதிரியாரின் வீட்டுக்குள் நாங்கள் போகமாட்டோம். திரும்பிப் போய்விடுவோம். சட்டத்தரணியின் மனுவுக்குப் பதில் வரும்வரை மறுபடி வரமாட்டோம். அதை அவருக்குத் தெளிவாக விளங்கப்படுத்துங்கள்."

படலையிலிருந்து கதவுக்கு முப்பது அடி இருக்கும். சேற்றில் மெதுவாகத்தான் நடந்தேன். நடக்கும்போதே அந்த வசனங்களைத் தமிழில் ஒழுங்குபடுத்திக்கொண்டேன், ஒரு சொல்லும் குறையாமல், அவர் பயப்படாதபடி, நல்ல தமிழில். கதவு திறந்தது. நான் மற்றதைச் சொன்னேன்.